தூக்கம் கெட்டால் அல்சைமர் வருமா? ராத்திரி விழித்திருப்பவர்கள் சொல்லுங்கள்

#1 நடுநிசி

எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு நாள் இங்கே சத்தமில்லாமல் படித்துவிட்டுப் போகிறவளாகத்தான் இருந்தேன். இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அம்மாவுக்கு அல்சைமர் மறதிநோய் என்று தெரிந்து மூன்று வருடம் ஆகிறது. பகலைச் சமாளித்துவிடலாம், ராத்திரிதான் பெரும்பாடு. இரண்டு மணி வாக்கில் எழுந்து போர்வை, தலையணை, விரிப்பு என்று எல்லாவற்றையும் சுருட்டி இழுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்துவிடுவார். உட்கார்ந்து ஒவ்வொன்றாக மடிப்பார், பிரிப்பார், மறுபடி மடிப்பார். "நேரமாச்சு, கிளம்பு, அவங்க காத்துட்டிருப்பாங்க" என்பார். யார் என்று கேட்டால் கோபம் வரும். அதனால் கேட்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொடுப்பேன். நாலரை மணிக்கு அவர் தூங்கிவிடுவார். எனக்கு அதன்பிறகு கண் மூடாது.

எனக்கு 47 வயது. தம்பி வாங்கிக்கொடுத்த கைக்கடிகாரம் காலையில் எழுந்ததும் கணக்கு காட்டுகிறது. நேற்று மொத்தத் தூக்கம் 4 மணி 10 நிமிடம், ஆழ்தூக்கம் 22 நிமிடம், சிவப்பு எழுத்தில். இதற்கிடையில் ஒரு செய்தி கண்ணில் பட்டது. ஒரே ஒரு ராத்திரி தூங்காவிட்டாலும், அல்சைமரில் மூளையில் படிகிற அமிலாய்டு என்ற புரதம் ஏறிவிடுமாம். படித்ததிலிருந்து இருந்த கொஞ்சநஞ்சத் தூக்கமும் போய்விட்டது.

அல்சைமர் வந்தவரைப் பார்த்துக்கொள்வதாலேயே எனக்கும் அது வந்துவிடுமா? இதைத்தான் யாரிடமும் கேட்க முடியாமல் இங்கே கேட்கிறேன்.

#2 குறட்டைமன்னன்

விஷயம் தெரிந்தவர்கள் வருவதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தக் கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் போடுங்கள். அதற்கு மூளை அலை தெரியாது. கை அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்து ஆழ்தூக்கம் இவ்வளவு என்று ஊகம்தான் செய்கிறது. தூக்கப் பரிசோதனைக்காக நான் தலை முழுக்க ஒயர் ஒட்டிக்கொண்டு படுத்த ராத்திரி, என் கடிகாரம் சொன்ன கணக்குக்கும் அவர்கள் எடுத்த கணக்குக்கும் சம்பந்தமே இல்லை.

#3 ஆய்வுக்கூடம்

நீங்கள் படித்த செய்திக்கு அடிப்படை 2018-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் செய்த ஒரு ஆய்வாக இருக்க வேண்டும். ஆரோக்கியமான 20 பேரை ஒரு ராத்திரி நன்றாகத் தூங்கவிட்டும், இன்னொரு ராத்திரி முழுக்க விழிக்கவைத்தும், மூளையில் அமிலாய்டைக் காட்டும் பெட் ஸ்கேன் எடுத்தார்கள். நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் இருக்கும் பகுதியிலும், மூளையின் நடுவில் உள்ள தாலமஸிலும் அமிலாய்டு அளவு சுமார் 5 சதவீதம் கூடியிருந்தது. செய்தி பொய்யில்லை. ஆனால் அடுத்த ராத்திரி தூங்கி எழுந்ததும் அது இறங்கியதா என்று அந்த ஆய்வு அளந்து பார்க்கவில்லை. தலைப்பு போடுகிறவர்கள் அதை எங்கே சொல்லப் போகிறார்கள்!

அமிலாய்டு ஏறுவதும் இறங்குவதும் தினப்படி நடக்கிற காரியம். நரம்பணுக்கள் வேலை செய்யும்போது அது வெளியே கசிகிறது. விழித்திருக்கும்போது கூடும், தூங்கும்போது குறையும். 2009-ல் செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹோல்ட்ஸ்மன் குழு இதை எலிகளில் காட்டியது. எலிகளைத் தொடர்ந்து தூங்கவிடாமல் செய்தபோது அமிலாய்டு திட்டுகள் அதிகமாயின. நம்மை விழித்திருக்கவைக்கும் ஓரெக்சின் என்ற வேதிப்பொருளைத் தடுத்தபோது திட்டுகள் குறைந்தன.

அதே பல்கலைக்கழகத்தில் 2017-ல் மனிதர்களை வைத்துச் செய்த சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. தூங்குகிறவரின் காதில் ஹெட்ஃபோன். மூளையில் ஆழ்தூக்க அலை தெரியத் தொடங்கியதும் ஒரு பீப் சத்தம், அலை கலையும் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். ஆள் விழிக்க மாட்டார், மொத்தத் தூக்க நேரமும் குறையாது, ஆழம் மட்டும் போய்விடும். காலையில் முதுகில் ஊசி போட்டு மூளைத் தண்டுவட நீரை எடுத்துப் பார்த்தால் அமிலாய்டு ஏறக்குறைய 10 சதவீதம் கூடியிருந்தது. டௌ என்ற இன்னொரு புரதம் அந்த ஒரு ராத்திரியால் அசையவில்லை. யார் முந்தைய வாரம் முழுக்க வீட்டிலேயே சரியாகத் தூங்கவில்லையோ அவர்களுக்குத்தான் டௌ கூடியிருந்தது.

ஒரு ராத்திரிக்காகப் பயப்பட வேண்டாம் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான். வருடக்கணக்கில் போனால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன்.

நடுநிசி அக்கா, இன்னொன்று. 1907-ல் அலோயிஸ் அல்சைமர் தன் முதல் நோயாளியைப் பற்றி எழுதிய சிறு கட்டுரையில், அந்த அம்மாள் தன் படுக்கையை இழுத்துக்கொண்டு திரிவதையும் கணவரையும் மகளையும் கூப்பிடுவதையும் குறித்திருக்கிறார். நீங்கள் எழுதியதைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது.

#4 எதிர்க்கேள்வி

எல்லாம் சரி. ஆனால் இந்த இழையின் தலைப்பே வண்டியை மாட்டுக்கு முன்னால் பூட்டுகிறது. தூக்கம் கெட்டதால் அல்சைமரா, அல்சைமர் தொடங்கியதால் தூக்கம் கெட்டதா? மறதி வெளியே தெரிவதற்கு 15, 20 வருடம் முன்பே மூளையில் அமிலாய்டு சேரத் தொடங்கிவிடுகிறது. அறுபது வயதில் தூக்கம் வரவில்லை என்கிறவருக்கு எழுபதில் மறதிநோய் வந்தால், தூக்கமின்மையைக் காரணம் என்பீர்களா, முதல் அறிகுறி என்பீர்களா?

மரபணு வேறுபாடுகளை வைத்துக் காரண காரியத்தைப் பிரித்துப் பார்க்கிற ஆய்வுகளிலும், தூக்கக் குறைவுதான் அல்சைமருக்குக் காரணம் என்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-ல் டிமென்ஷியாவுக்கு, அதாவது அல்சைமர் உள்ளிட்ட மறதிநோய்களுக்கு, நம்மால் மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியல் போட்டது. கேள்திறன் குறைவு இருக்கிறது, ரத்த அழுத்தம் இருக்கிறது, தனிமை இருக்கிறது, பார்வைக் குறைவுகூட இருக்கிறது. தூக்கம் இல்லை.

பிரிட்டன் பிரதமராக இருந்த தாட்சரும் அமெரிக்க அதிபராக இருந்த ரீகனும் குறைவாகத் தூங்கினார்கள், இருவருக்கும் மறதிநோய் வந்தது என்று ஒரு கதையை எல்லாரும் சொல்வார்கள். இரண்டு பேரை வைத்து எதையும் நிரூபித்துவிடலாம்.

#5 ஆய்வுக்கூடம்

எதிர்க்கேள்வி சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். இது இருவழிப் பாதை. தூக்கத்தையும் விழிப்பையும் முறைப்படுத்துகிற மூளைத்தண்டுப் பகுதிகளில் டௌ மிகச் சீக்கிரமே தலைகாட்டுகிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ மருத்துவப் பிரிவு 2019-ல், இறந்த அல்சைமர் நோயாளிகளின் மூளைகளைப் பரிசோதித்தது. விழித்திருக்க உதவும் நரம்பணுக்களே பெருமளவு அழிந்துபோயிருந்தன. ராத்திரி விழித்து, பகல் முழுக்கத் தூங்கி வழிகிற நோயாளிகளை அலுப்பு, சோம்பல் என்று சொல்லக் கூடாது. விழிக்கவைக்கிற கம்பியே அறுந்திருக்கிறது.

மீதிப் பாதிக்கு வருகிறேன். முன்னால் தொடங்கிய நோய்தான் தூக்கத்தைக் கெடுத்தது என்ற சந்தேகத்தைத் தாண்டத்தான் நீண்ட காலம் பின்தொடர்கிறார்கள். லண்டன் அரசு ஊழியர்களை 1985 முதல் கவனித்துவரும் ஒயிட்ஹால் ஆய்வில், 50 வயதில் தூக்க நேரம் கேட்டுக் குறித்து, 7,959 பேரைச் சுமார் 25 வருடம் தொடர்ந்தார்கள். 521 பேருக்கு டிமென்ஷியா வந்தது. 50, 60, 70 என மூன்று வயதிலும் 6 மணி நேரமோ அதற்குக் குறைவோ தூங்கியவர்களுக்கு, 7 மணி நேரம் தூங்கியவர்களைவிட ஆபத்து 30 சதவீதம் அதிகம். 2021-ல் வெளியானது.

30 சதவீதம் என்றதும் நடுநிசி அக்கா மறுபடி எழுந்து உட்கார்ந்துவிடுவார். அதனால் ஒரு மனக்கணக்கு. அந்த ஆய்வில் மொத்தமாக நூறு பேரில் ஆறேழு பேருக்கு நோய் வந்தது. அதில் 30 சதவீதம் கூடினால் எட்டு ஒன்பது பேர். மீதி தொண்ணூறு சொச்சம் பேர் குறைவாகத் தூங்கியும் அந்தக் காலத்துக்குள் நோய் வராதவர்கள்.

தூக்கத்தின் ஆழத்தை நேரடியாக அளந்த ஆய்வும் இருக்கிறது. அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஆய்வில் 60 வயது தாண்டிய 346 பேருக்கு இரண்டு முறை தூக்கப் பரிசோதனை செய்து பார்த்தார்கள். ஆழ்தூக்கம் வருடத்துக்கு 1 சதவீதம் குறைந்தால் டிமென்ஷியா ஆபத்து 27 சதவீதம் கூடியது. ஆனால் அதில் நோய் வந்தவர்கள் 52 பேர்தான். சின்ன எண்ணிக்கை, அதற்குத் தகுந்த மரியாதைதான் கொடுக்க வேண்டும்.

#6 வாசகன்

பகல் தூக்கம் கணக்கில் வருமா? நான் ராத்திரி 5, மதியம் 2.

#7 ஆய்வுக்கூடம்

பல வருடமாக அப்படித்தான், உடம்பும் நன்றாக இருக்கிறது என்றால் விடுங்கள். வயதான பிறகு திடீரென்று பகல் தூக்கம் நீண்டுகொண்டே போனால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது மேலே சொன்ன கம்பி விவகாரமாகவும் இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம்.

#8 எதிர்க்கேள்வி

யாராவது "தூங்கும்போது மூளை தன்னைத் தானே கழுவிக்கொள்கிறது" என்று எழுதுவதற்குள் நானே முந்திக்கொள்கிறேன். 2013-ல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் மைக்கன் நெடர்கார்ட் குழு, தூங்குகிற எலிகளின் மூளையில் அணுக்களுக்கு நடுவே உள்ள இடைவெளி 60 சதவீதம் விரிகிறது, அமிலாய்டு இரண்டு மடங்கு வேகமாக வெளியேறுகிறது என்று சொன்னது. உலகமே கொண்டாடியது. 2024-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் நிக் ஃபிராங்க்ஸ் குழு வேறு முறையில் அளந்துவிட்டு, எலி தூங்கும்போது கழிவு வெளியேறுவது குறையவே செய்கிறது என்றது. இரண்டு குழுவும் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதற்குள் அதைச் சொல்லித் தலையணை விற்கிறார்கள்.

#9 ஆய்வுக்கூடம்

உண்மைதான். எது எவ்வளவு வெளியேறுகிறது என்ற சண்டை முடியவில்லை. ஆனால் விழித்திருந்தால் அமிலாய்டு கூடுகிறது என்பது அதற்குள் அடங்காது. அந்தக் கூடுதலில் பெரும்பங்கு உற்பத்தியே அதிகமாவதால்கூட இருக்கலாம். சாக்கடை அடைத்தாலும் தண்ணீர் தேங்கும், குழாயை மூடாமல் விட்டாலும் தேங்கும்.

#10 குறட்டைமன்னன்

பெரியவர்கள் எலிகளை விட்டுவிட்டு வந்தால் நான் என் கதையைச் சொல்லலாம்.

ஐந்து வருடம் முன்பு வரை நான் தினமும் எட்டு மணி நேரம் தூங்கினேன். எட்டு மணி நேரம்! காலையில் எழுந்தால் அடித்துப்போட்ட மாதிரி இருக்கும். வண்டி ஓட்டும்போது சிக்னலில் கண் சொருகும். பெயர்கள் மறந்துபோகும். பக்கத்து இருக்கையில் பத்து வருடம் வேலை செய்தவர் பெயர் ஒருநாள் வாயில் வரவில்லை. அப்பாவுக்கு மறதிநோய் இருந்தது, சரி, நமக்கும் முறை வந்துவிட்டது என்று நினைத்து யாரிடமும் சொல்லாமல் இருந்தேன்.

மனைவிதான் கண்டுபிடித்தது. குறட்டை நின்றால்தான் அவளுக்குத் தூக்கம் கலையுமாம். சத்தம் நிற்கும், மூச்சும் நிற்கும், இருபது முப்பது விநாடி கழித்துத் தண்ணீருக்குள்ளிருந்து எழுந்தவன்போல ஒரு பெரிய மூச்சு. பரிசோதனையில் மணிக்கு 34 முறை என்று வந்தது. 30 தாண்டினால் கடுமை என்பது கணக்கு. தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுக்குழலை அடைக்கிறது, ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்குகிறது, மூளை பதறி உலுக்கி எழுப்புகிறது. காலையில் எனக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. ஆய்வுக்கூடம் சொன்ன பீப் சோதனையை என் தொண்டையே தினமும் இலவசமாகச் செய்துகொண்டிருந்தது.

இப்போது, மூச்சுக்குழல் அடைக்காமல் காற்றை அழுத்தி அனுப்பும் சிபேப் கருவி. போர் விமானி மாதிரி முகமூடி போட்டுப் படுக்கிறேன். முதல் மாதம் தூக்கிப் போட்டு உடைக்கலாம் போலிருந்தது. மாஸ்க் அளவை இரண்டு தடவை மாற்றிய பிறகு பழகிவிட்டது. பெயர்கள் திரும்ப வந்துவிட்டன. எனக்கு அல்சைமர் வராது என்று யாரும் எழுதித் தரவில்லை. ஆனால் மறதி என்று நான் பயந்ததில் பெரும்பகுதி தூக்கமில்லாத மூளையின் தள்ளாட்டம்தான்.

நடுநிசி, உங்கள் தூக்கம் கெடுவது முழுக்க அம்மாவால்தானா? நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்களுக்கு, மாதவிடாய் நிற்கும் சமயத்தில், இந்த மூச்சுத்தடை அதிகமாகும் என்று என்னைப் பரிசோதித்தவர் சொன்னார். நீங்கள் குறட்டை விடுவீர்களா?

#11 நடுநிசி

தனியாகப் படுக்கிறவளுக்கு எப்படித் தெரியும் அண்ணா.

ஆய்வுக்கூடம், அந்த 1907 அம்மாளைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி. ஏனோ அழுகை வந்தது. அம்மா மட்டும் இல்லை என்று ஒரு ஆறுதல்.

தூக்க மாத்திரை போடலாமா? அம்மாவுக்கோ எனக்கோ? கடையில் சீட்டில்லாமல் கிடைக்கிற ஒவ்வாமை மாத்திரை போட்டால் தூக்கம் வரும் என்று ஒருவர் சொன்னார்.

#12 மருந்துப்பெட்டி

இருபது வருடமாக மருந்தாளுநராக இருக்கிறேன். இந்த ஒரு கேள்விக்காகவே வந்தேன்.

அம்மாவுக்கு அந்த மாத்திரை வேண்டவே வேண்டாம். டைஃபென்ஹைட்ரமின் மாதிரிப் பழைய ஒவ்வாமை மருந்துகள் மூளையில் நினைவுக்கு உதவும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைத் தடுக்கின்றன. அல்சைமரில் ஏற்கெனவே குறைந்துபோயிருப்பது அதே அசிட்டைல்கோலின். அதைத் தக்கவைக்கத்தான் டோனெபெசில் கொடுக்கிறோம். ஒரு காலால் ஆக்சிலேட்டரையும் இன்னொரு காலால் பிரேக்கையும் மிதிப்பதுபோல. குழப்பம் கூடும், சிறுநீர் கட்டிக்கொள்ளும், கீழே விழுவார். வயதானவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிடும் பட்டியலில் இதுவும் இருக்கிறது, டயஸெபாம் வகைத் தூக்க, பதற்ற மாத்திரைகளும் இருக்கின்றன. ஆனால் டயஸெபாம் வகையை ஏற்கெனவே பல மாதமாகச் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். மருத்துவர் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம்.

அம்மா டோனெபெசில் எடுக்கிறாரா? எத்தனை மணிக்கு? ராத்திரி எடுத்தால் சிலருக்குத் தூக்கம் கலையும், தத்ரூபமான கனவுகள் வரும். அப்படிப்பட்டவர்களுக்குக் காலையில் மாற்றிக் கொடுப்பது வழக்கம். நீங்களாக மாற்ற வேண்டாம், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் இதை மட்டும் கேளுங்கள்.

உங்களுக்கு, மாத்திரைக்கு முன்னால் தூக்கமின்மைக்கான நடத்தைச் சிகிச்சை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது அதுதான் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-லேயே சொல்லிவிட்டது. ஓரெக்சினைத் தடுக்கிற சுவோரெக்சன்ட் பற்றி யாராவது கேட்பீர்கள். 2023-ல் 38 பேருக்கு இரண்டு ராத்திரி கொடுத்துப் பார்த்ததில் அதிக அளவு எடுத்தவர்களுக்குத் தண்டுவட நீரில் அமிலாய்டு 10 முதல் 20 சதவீதம் இறங்கியது. இரண்டே ராத்திரி. அதை நம்பி யாரும் அல்சைமரைத் தடுக்க மாத்திரை கேட்டு வர வேண்டாம்.

#13 செல்வி டீச்சர்

கண்ணு நடுநிசி, என் வீட்டுக்காரருக்கு ஒன்பது வருடம் இந்த நோய். நீ எழுதியது எல்லாம் எனக்குப் பழக்கம்.

சாயங்காலம் இருட்டத் தொடங்கினால் அவருக்குப் பதற்றம் வரும். காலையில் எழுந்ததும் அரைமணி நேரம் வெயில் படுகிற இடத்தில் உட்கார வைத்தேன். மதியத் தூக்கத்தை முக்கால் மணியில் எழுப்பினேன், சண்டை போடுவார், பரவாயில்லை. சாயங்காலம் ஆனதும் எல்லா விளக்கையும் போட்டுவிடுவேன். இதனால் முழுதாகச் சரியாகவில்லை, ராத்திரி மூன்று முறை எழுகிறவர் ஒரு முறை எழுந்தார். அப்புறம் ஒருநாள்தான் தெரிந்தது, எழுந்ததில் பாதி சிறுநீர் முட்டியதால். சொல்லத் தெரியவில்லை அவருக்கு. வலி இருக்கிறதா, மலச்சிக்கலா என்றும் பார்.

உனக்கு ஒன்று. தம்பி கடிகாரம் வாங்கித் தந்தான் என்றாயே, அவனிடம் வாரத்தில் இரண்டு ராத்திரி கேள். கடிகாரத்தைவிட அதுதான் உனக்கு வேண்டும். நான் ஆறு வருடம் யாரிடமும் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு நின்றபடியே தூங்கிவிட்டேன்.

#14 எதிர்க்கேள்வி

டீச்சர் சொன்னதற்கு எதிர்க்கேள்வி இல்லை.

#15 நடுநிசி

ஐந்து வாரம் ஆகிவிட்டது. திரும்ப வந்து சொல்வதுதான் மரியாதை.

அம்மாவின் டோனெபெசில் ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் இருந்தது. மருத்துவர் காலைக்கு மாற்றினார். படுக்கப்போகும் முன்பு ஒரு முறை கழிப்பறைக்கு அழைத்துப்போகிறேன். இன்னும் எழுகிறார். போன வாரம் ஏழில் மூன்று ராத்திரி முழுக்கத் தூங்கினார். விரிப்பு மடிப்பது நிற்கவில்லை. அதை நிறுத்த எனக்கும் மனமில்லை. பகலில் நாலு விரிப்பைக் கொடுத்து உட்கார வைக்கிறேன், மணிக்கணக்கில் மடிக்கிறார்.

தம்பியிடம் கேட்டேன். கேட்பதற்கு மூன்று நாள் ஒத்திகை பார்த்தேன். அவன் "இதை ஏன்க்கா இவ்வளவு நாள் சொல்லலை" என்றான். வெள்ளி, சனி ராத்திரி வந்து கூடத்தில் படுக்கிறான். முதல் ராத்திரி நான் ஒன்பது மணி நேரம் தூங்கினேன், எழுந்தபோது தலைவலி. கடிகாரத்தை அவனுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டாவது சனிக்கிழமை காலையில் அவன் ஒரு ஒலிப்பதிவை அனுப்பினான். ராத்திரி அம்மாவின் அறையிலிருந்து என்று நினைத்துத்தான் கேட்டேன். நாலு நிமிடம் ஓடுகிறது. முதலில் மரம் அறுக்கிற சத்தம். திடீரென்று நிற்கிறது. பின்னணியில் கடிகார முள் சத்தம் மட்டும், நான் பதினெட்டு எண்ணினேன். அப்புறம் ஒரு பெரிய மூச்சு. கடைசியில் தம்பி குரல், "அம்மா இல்லைக்கா, நீதான்."

#16 குறட்டைமன்னன்

பரிசோதனைக்கு நாள் வாங்கியாச்சா?

#17 நடுநிசி

வரும் வியாழக்கிழமை அண்ணா. ஒயர் ஒட்டும்போது தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாதாமே, நிஜமா?

#18 குறட்டைமன்னன்

நிஜம். நான் வைத்துக்கொண்டு போய்த் திட்டு வாங்கினேன். மாஸ்க் பார்க்கிற நாள் வந்தால் ஒரு வார்த்தை எழுதுங்கள், எந்த அளவு மூக்கை அழுத்தாது என்று சொல்கிறேன்.